ஃபீடரின் கடைக்கோடியில் சர்வோ: அலாரங்களைப் படிக்கும் முறை

பானசோனிக் மினாஸ் டிரைவின் திரையில் 16 என்று வந்தால் மோட்டாருக்குச் சுமை மீறிவிட்டது என்று அர்த்தம். மிட்சுபிஷி மெல்சர்வோவில் அதே 16, என்கோடரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்பதைச் சொல்கிறது. டெல்டாவின் அஸ்டா வரிசையில் 16 வந்தால், டிரைவுக்குள் இருக்கும் ஐ.ஜி.பி.டி. அளவுக்கு மேல் சூடாகியிருக்கிறது. மூன்று கம்பெனி டிரைவும் ஒரே கூரையின் கீழ் ஓடும் பட்டறையில், ஒன்றில் படித்த பாடத்தை இன்னொன்றில் போட்டால் அன்றைய வேலை கெட்டது. இதற்கு மருந்து எளிது: அந்தந்த டிரைவின் அலாரம் பட்டியலைப் பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தால் போதும். அடுத்த படிதான் கடினம். எண்ணின் பொருள் சரியாகத் தெரிந்த பிறகும் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடுவதில்லை. டிரைவ் தன் முனைகளில் எதை உணர்ந்ததோ அதை மட்டுமே அந்த எண் சொல்கிறது.

இந்த வேறுபாட்டைப் பெரிய ஆலைகளில் அதிகம் பொருட்படுத்தாமலே காலம் தள்ளலாம். ஸ்டோரில் மாற்று டிரைவ் இருக்கும். கழற்றி மாட்டினால் லைன் ஓடத் தொடங்கிவிடும். சிற்றூர்ப் பட்டறையில் அந்த வசதி கிடையாது. உத்திரமேரூர் வட்டாரத்தை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான். காஞ்சிபுரம் மாவட்டத்தின் வடகிழக்கில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் வந்தது. அவற்றுக்குப் பாகம் செய்து தரும் நிறுவனங்கள், அந்த நிறுவனங்களுக்கு வேலை செய்து தரும் சிறு ஜாப் ஒர்க் பட்டறைகள் என்று சங்கிலி நீண்டது. அதன் கடைசிக் கண்ணியில் நிற்பது பெரும்பாலும் இரண்டாம் கையாக வாங்கிய ஒரு சி.என்.சி. லேத். டிரைவுக்கு வயது பத்து, பதினைந்து இருக்கும். மாவட்டத்தின் தெற்கே, ஏரியும் வயலும் கல்குவாரியுமாக இருக்கும் உத்திரமேரூர்ப் பக்கத்தில், அந்த லேத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடரில் பம்புசெட்டுக்கும் அரிசி ஆலைக்கும் கிரஷருக்கும் பங்கு உண்டு. டிரைவின் கையேட்டை எழுதியவர் இந்த நிலைமையை மனத்தில் வைத்து எழுதியிருக்க வாய்ப்பில்லை.

டிரைவுக்குத் தெரிந்தவை நான்கு

சர்வோ டிரைவ் என்பது உள்ளபடி என்ன செய்கிறது? வரும் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கிக் கப்பாசிட்டரில் தேக்குகிறது. இதைப் பட்டறையில் டி.சி. பஸ் என்பார்கள். பிறகு அதை ஐ.ஜி.பி.டி. சுவிட்சுகளால் நறுக்கி, ரோட்டரில் காந்தம் பதித்த மோட்டாருக்கு மூன்று ஃபேஸாக அனுப்புகிறது. ரோட்டர் இந்த நொடியில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை என்கோடர் திருப்பிச் சொல்கிறது. அந்தக் கோணத்தைப் பார்த்துத்தான் அடுத்த மின்னோட்டம் முடிவாகிறது.

இந்த வேலைக்கு நடுவில் டிரைவ் அளப்பவை நான்கு: பஸ் வோல்டேஜ், மோட்டாருக்குப் போகும் மின்னோட்டம், ஹீட்சிங்கின் சூடு, என்கோடர் அனுப்பும் தரவு. திரையில் வரும் பெரும்பாலான மின்சார அலாரங்கள் இந்த நான்கிலிருந்து கணக்கிட்டு எடுத்த முடிவுகள். ‘சுமை மீறல்’ என்பது யாரோ சுமையை எடைபோட்டுச் சொன்ன செய்தி என்று நினைத்துவிடக் கூடாது. மின்னோட்டத்தின் வர்க்கத்தைக் காலத்தோடு சேர்த்துக் கூட்டி, வரம்பு தாண்டியதும் டிரைவ் எழுப்பும் கூக்குரல் அது. பல சிறிய டிரைவ்களில் இரண்டு ஃபேஸின் மின்னோட்டத்தை மட்டும் அளந்து, மூன்றாவதைக் கணக்கால் பெறுகிறார்கள். மூன்றின் கூட்டுத்தொகை பூச்சியம் என்பது அங்கே எடுகோள். மோட்டார் காயிலிலிருந்து எர்த்துக்குக் கசிவு ஏற்பட்டால் அந்த எடுகோளே உடைகிறது. ஆனாலும் அந்த டிரைவ் ‘எர்த் ஃபால்ட்’ என்று சொல்லாது. ‘ஓவர் கரன்ட்’ என்றுதான் சொல்லும். அதனிடம் வேறு சொல் இல்லை.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மின்சார அலாரங்களில் பெரும்பாலானவை இந்த நான்கு குடும்பங்களில் ஒன்றில் அடங்கும். பஸ் வோல்டேஜ் ஏறியது, இறங்கியது: மிட்சுபிஷியில் 33ம் 10ம், பானசோனிக்கில் 12ம் 13ம், டெல்டாவில் 2ம் 3ம், யாஸ்காவாவின் புதிய வரிசைகளில் 400ம் 410ம். ஃபானுக்கில் 433 பஸ் வோல்டேஜ் குறைந்ததற்கு, 439 ஏறியதற்கு. ஓவர் கரன்ட்: மிட்சுபிஷி 32, பானசோனிக் 14, டெல்டா 1, யாஸ்காவா 100, ஃபானுக் 438. சீமென்ஸ் சினாமிக்ஸ் இதில் ஒரு படி மேல். அதில் எர்த் ஃபால்ட்டுக்கு 30021 என்று தனி எண்ணே உண்டு. ஓவர் கரன்ட் 30001. எண்ணைக் குடும்பமாக மொழிபெயர்க்கத் தெரிந்தால் எந்தக் கம்பெனி டிரைவையும் அணுகலாம்.

கையேடு எங்கே கைவிடுகிறது

தயாரிப்பாளர்களின் கையேடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை: அலாரம் எண், காரணங்கள், செய்ய வேண்டியது. கடைசி வரி எப்போதும் ‘டிரைவை மாற்றவும்’. அந்த வரிக்கு அவசரமாகத் தாவுகிறவர்கள்தான் அதிகம். கையேட்டின் மேல் எனக்குள்ள குறை வேறு. அது காரணங்களை வரிசைப்படுத்தும்போது சப்ளை சரி, எர்த் சரி, கேபிள் ஒரிஜினல் என்று மனத்தில் வைத்துக்கொள்கிறது. ஜப்பானிலோ ஜெர்மனியிலோ அது நியாயம். ஃபீடரின் கடைக்கோடியில் அந்த மூன்றில் ஒன்றையும் சோதிக்காமல் நம்ப முடியாது. ஆகவே நம் ஊரில் அந்த வரிசையைத் தலைகீழாக்கி, வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும் என்பது என் முடிவு: முதலில் லைன், பிறகு எர்த், பிறகு கேபிள், பிறகு மோட்டார், கடைசியில் டிரைவ்.

கையேடு அழுத்திக் கேட்காத இன்னொரு கேள்வி உண்டு. அலாரம் எப்போது வந்தது? பேனலுக்கு மின்சாரம் கொடுத்த உடனே வந்தால் என்கோடர், பேட்டரி, பாராமீட்டர், அல்லது டிரைவின் உள்போர்டு. மோட்டார் இன்னும் அசையவே இல்லை என்பதால் சுமையைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. சர்வோ ஆன் ஆன கணத்தில் வந்தால் ஷார்ட், எர்த் கசிவு, ஃபேஸ் வரிசை, விடுபடாத பிரேக். வேகம் எடுக்கும்போது வந்தால் பஸ் வோல்டேஜ் தாங்கவில்லை, இல்லையென்றால் இன்சுலேஷன் தளர்ந்திருக்கிறது. வேகம் குறையும்போது வந்தால் திரும்பி வரும் ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை. அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு வந்தால் சூடு, அதாவது பெரும்பாலும் மெக்கானிக்கல் இறுக்கம். எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தால் கேபிள், கனெக்டர், அல்லது லைன். ஆபரேட்டரிடம் ‘என்ன அலாரம்?’ என்று கேட்பதற்கு முன் ‘என்ன ஓடிக்கொண்டிருந்தது?’ என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

லைன் என்கிற முதல் சந்தேக நபர்

ஜப்பானிய டிரைவ்களில் பெரும்பங்கு 200 வோல்ட் வகை. நமக்கு வருவது 415 வோல்ட். நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அதை 200 அல்லது 220க்கு இறக்கித் தருகிறது. 220ஐ நேர்ப்படுத்தினால் பஸ்ஸில் 311 வோல்ட் நிற்கும். கீழே 200ஐ ஒட்டி வந்தால் பல டிரைவ்களில் அண்டர் வோல்டேஜ். மேலே 400ஐ ஒட்டிப் போனால் ஓவர் வோல்டேஜ். இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவில்தான் நம் பிழைப்பு.

பெரிய இன்டக்‌ஷன் மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்தால் அந்தச் சில விநாடிகளுக்கு அது தன் இயல்பான மின்னோட்டத்தைப் போல் ஐந்திலிருந்து ஏழு மடங்கு வரை இழுக்கும். அதே ஃபீடரில் கிரஷரோ அரிசி ஆலையோ இருந்தால் அந்த இழுப்பு பட்டறை வரைக்கும் வோல்டேஜ் சரிவாக வந்து சேரும். டியூப்லைட் ஒரு முறை கண் சிமிட்டும், மனிதர் கவனிக்கமாட்டார். டிரைவ் கவனிக்கும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பஸ்ஸில் 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இருப்பதாகக் கொள்வோம். 311லிருந்து 200க்கு இறங்குவதற்குள் அது தரக்கூடிய ஆற்றல் சுமார் 28 ஜூல். 750 வாட் இழுக்கும் மோட்டாருக்கு அது 38 மில்லி விநாடிதான் தாங்கும். சப்ளை முற்றாக நின்றால் இரண்டு சைக்கிள்கூட நிறைவதற்குள் அலாரம் வந்துவிடும். செமிகண்டக்டர் தொழிலில் பயன்படும் செமி எஃப்47 என்ற தரநிலை, வோல்டேஜ் பாதியாகச் சரிந்தாலும் 0.2 விநாடி கருவி நிற்காமல் தாங்க வேண்டும் என்கிறது. சாதாரண லேத்தை அந்த வரையறையை நினைத்து யாரும் கட்டுவதில்லை.

கரன்ட் போய்த் திரும்பி வரும் நேரம் இன்னும் மோசம். தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுக்கு 1990 முதல் கட்டணமில்லா மின்சாரம். பம்புசெட்டில் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவைப்பது வழக்கம். ஆள் போய்ப் போட வேண்டியதில்லை, கரன்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும். நவரைப் பட்டத்தில் கிணற்றுப் பாசனம் மும்முரமாக இருக்கும்போது லைன் திரும்பி வந்தால், அந்த ஃபீடரில் இருக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகச் சேர்ந்து இழுக்கும். அதே நொடியில் லேத்தையும் போட்டு ஹோமுக்கு அனுப்பினால் அண்டர் வோல்டேஜ் வருவதில் வியப்பில்லை. ஐந்து நிமிடம் பொறுத்திருப்பதற்குச் செலவு கிடையாது.

‘அதற்குத்தான் ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறோமே’ என்பார்கள். சர்வோ ஸ்டெபிலைசருக்குள்ளும் ஒரு சின்ன மோட்டார்தான் கார்பன் பிரஷ்ஷை வேரியாக்கின் மேல் நகர்த்துகிறது. அதன் வேகம் விநாடிக்குச் சில பத்து வோல்ட். மணிக்கணக்கில் வோல்டேஜ் குறைந்து நிற்கும் லைனுக்கு அது நல்ல துணை. கால் விநாடிச் சரிவை அதனால் பிடிக்க முடியாது. சில நேரம் அது பகையாகவும் மாறும். பெரிய மோட்டார் ஒன்று ஓடும் வரை லைன் தாழ்ந்திருக்க, ஸ்டெபிலைசர் பிரஷ்ஷை மேலே ஏற்றி ஈடுகட்டி வைத்திருக்கும். அந்த மோட்டார் நின்றதும் லைன் துள்ளி எழும். பிரஷ் கீழே வரும் வரை டிரைவுக்குப் போவது இரட்டை உயர்வு. ஒரே நாளில் அண்டர் வோல்டேஜும் ஓவர் வோல்டேஜும் மாறி மாறி வருகிற பட்டறையில் இந்தச் சந்தேகத்தைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். செலவுக்கு வழியிருந்தால் மோட்டார் இல்லாத ஸ்டேட்டிக் ஸ்டெபிலைசர் இதற்குப் பொருத்தம்.

டிரான்ஸ்ஃபார்மர் டேப்பும் ஒரு பழைய குற்றவாளி. பகலில் வோல்டேஜ் வரவில்லை என்று யாரோ ஒருநாள் டேப்பை மாற்றி 240 ஆக்கியிருப்பார். இரவில் ஊர் அடங்கியதும் லைன் பத்து சதவீதம் ஏறினால் அது 264. பஸ்ஸில் 373 வோல்ட். மேல்கரைக்கு இன்னும் 27 வோல்ட்தான் மிச்சம். இனி மோட்டார் கொஞ்சம் வேகமாக நின்றாலே போதும். இரவு ஷிஃப்டில் மட்டும் வரும் ஓவர் வோல்டேஜ் அலாரத்தை ஆபரேட்டரின் தலையில் கட்டுவதற்கு முன் டேப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஒரு ஃபேஸ் போவதைக் கண்டுபிடிப்பது இன்னும் சிரமம். ஃபியூஸ் போன இன்டக்‌ஷன் மோட்டார் உறுமும், ஊருக்கே கேட்கும். சர்வோ டிரைவ் மிச்சமிருக்கும் இரண்டு ஃபேஸில் சத்தமில்லாமல் பஸ்ஸை நிரப்பிக்கொண்டு ஓடும். லேசான வேலை எல்லாம் நடக்கும். கனமான வெட்டு கொடுக்கும்போதோ சட்டென்று வேகம் எடுக்கும்போதோ மட்டும் பஸ் சரியும். டெல்டாவில் 22, யாஸ்காவாவில் எஃப்10 என்று ஃபேஸ் இழப்பைச் சொல்லும் எண்கள் உண்டு. எல்லா டிரைவும் சொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கிளாம்ப் மீட்டரை மூன்று ஃபேஸிலும் ஒவ்வொரு முறை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லாம் ஈ.பி. குற்றமில்லை

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எந்த அலாரம் வந்தாலும் லைன்மேனைத் திட்டுவது ஒரு வசதியான பழக்கம். வேகம் குறையும்போது மட்டும், இரவோ பகலோ, வோல்டேஜ் நன்றாக இருக்கும்போதும் ஓவர் வோல்டேஜ் வந்தால் காரணம் பட்டறைக்குள் இருக்கிறது.

சுழலும் பொருளை நிறுத்தும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது. 0.01 கிலோகிராம்-சதுர மீட்டர் நிலைமம் உள்ள சுமை நிமிடத்துக்கு 3000 சுற்றில் சுழன்றால் அதில் இருக்கும் ஆற்றல் 490 ஜூலுக்கு மேல். முன்பு பார்த்த அதே கப்பாசிட்டர் 311லிருந்து 400 வோல்ட்டுக்கு ஏறும்வரை விழுங்கக்கூடியது 32 ஜூல்தான். உராய்விலும் மோட்டாரின் காயிலிலும் போவது போக மீதியை எரித்துச் சூடாக்கி வெளியேற்றுவது ரீஜெனரேஷன் ரெசிஸ்டர். அது திறந்துகொண்டால், அல்லது அதை இணைக்கும் முனையில் திருகு தளர்ந்தால், அல்லது வெளி ரெசிஸ்டர் போட்டுவிட்டு உள் ரெசிஸ்டரின் இணைப்புக் கம்பியை எடுக்க மறந்தால், அல்லது பாராமீட்டரில் அதன் திறனைத் தவறாகப் பதிந்தால், மிட்சுபிஷியில் 30 அல்லது 33, பானசோனிக்கில் 18 அல்லது 12, டெல்டாவில் 5 அல்லது 2 வரும். சோதிப்பது எளிது. நிறுத்தும் நேரத்தை இரண்டு மடங்காக்கிப் பார்க்க வேண்டும். அலாரம் மறைந்தால் லைனுக்கு விடுதலை. பிறகு மின்சாரத்தை நிறுத்தி, ரெசிஸ்டரைக் கழற்றி, ஓம் அளந்து, அதன் மேல் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டால் விஷயம் முடிந்தது.

பழைய இயந்திரத்துக்குப் புதிதாகப் பெரிய சக் மாட்டியவர்களுக்கு இந்த அலாரம் அதிகம் வரும். எடை மாறாவிட்டாலும் நிலைமம் ஆரத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஓவர் கரன்ட்: கை வைக்கும் வரிசை

இங்கே ஒரு எச்சரிக்கை முதலில். மெயினை ஆஃப் செய்த பிறகும் பஸ் கப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் இருக்கும். பல கையேடுகள் 15 நிமிடம் காத்திருக்கச் சொல்கின்றன. சார்ஜ் விளக்கு அணைந்ததோடு நம்பிவிடாமல் பஸ்ஸின் இரு முனைகளுக்கு இடையே மீட்டர் வைத்து அளந்த பின்பே கை வைக்க வேண்டும்.

ஓவர் கரன்ட் அலாரத்தில் மூன்று சந்தேகங்கள்: டிரைவ், கேபிள், மோட்டார். பிரிப்பதற்கு வழி, மோட்டாருக்குப் போகும் யூ, வி, டபிள்யூ வயர்களை டிரைவின் முனையிலேயே கழற்றிவிட்டு சர்வோ ஆன் கொடுப்பது. அலாரம் அப்படியே நின்றால் டிரைவின் பவர் மாட்யூல் போயிருக்கிறது. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து பஸ் முனைகளுக்கும் யூ, வி, டபிள்யூவுக்கும் இடையே சோதித்தால் உறுதிப்படும்: நல்ல மாட்யூல் ஒரு பக்கம் அரை வோல்ட்டுக்குள் காட்டும், மறுபக்கம் திறந்திருக்கும். ஆறு சோதனையும் ஒன்றுபோல் வர வேண்டும். அலாரம் மறைந்தால் அடுத்து கேபிளை மட்டும் மாட்டி, மோட்டார் முனையில் திறந்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

மோட்டாருக்கு, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர். காயிலுக்கும் பாடிக்கும் இடையே 500 வோல்ட். டிரைவோடு இணைத்தபடி மெக்கர் வைத்தால் நல்ல டிரைவும் போய்விடும்; என்கோடர் பின்களில் மெக்கரைத் தொடவே கூடாது. வரும் அளவை எப்படி எடைபோடுவது என்பதற்கு ஃபானுக் பராமரிப்பு நூல் தரும் வரையறை தெளிவானது. 100 மெகாஓமும் அதற்கு மேலும் நன்று. 10க்கும் 100க்கும் நடுவில் தேய்மானம் தொடங்கிவிட்டது. ஓட்டலாம், இடையிடையே சோதிக்க வேண்டும். 1க்கும் 10க்கும் நடுவில் தேய்மானம் முற்றியிருக்கிறது. 1க்குக் கீழே மோட்டாரை மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு கூலண்டும் சேர்ந்து கனெக்டரில் இறங்கிய மோட்டார் 2 மெகாஓம் காட்டுவதும், கனெக்டரைக் கழற்றிக் காயவைத்தால் ஏறுவதும் உண்டு. அதனால் முதல் அளவை வைத்து மோட்டாரைக் கழித்துவிடக் கூடாது.

மீட்டர் இல்லாமலே ஒரு சோதனை. காந்தம் பதித்த மோட்டார் என்பதால், வயர்கள் திறந்திருக்கும்போது ஷாஃப்டைக் கையால் சுற்றினால் இலகுவாகச் சுற்றும். மூன்று வயரையும் சேர்த்துக் கட்டிவிட்டுச் சுற்றினால் சீராக இழுத்துப் பிடிக்கும். திறந்திருக்கும்போதே இழுத்துப் பிடித்தால் காயிலுக்குள் ஷார்ட். பிரேக் உள்ள மோட்டாரில் முதலில் 24 வோல்ட் கொடுத்துப் பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் இந்தச் சோதனை.

பம்புசெட் வேலையில் தேர்ந்தவர்கள் இங்கே ஒன்றை மறக்கிறார்கள். இன்டக்‌ஷன் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டு ஃபேஸை மாற்றிப்போடுவது கை பழகிய வைத்தியம். சர்வோவின் உள்வரும் பக்கத்தில் ஃபேஸ் வரிசையைப் பொதுவாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வெளிப்போகும் பக்கத்தில் மாற்றினால் என்கோடர் சொல்லும் கோணத்துக்கும் காயிலில் எழும் காந்தப்புலத்துக்கும் உறவு அறுந்துவிடும். மோட்டார் அதிரும், பூட்டிக்கொண்டு நிற்கும், அல்லது கட்டுப்பாடில்லாமல் பாயும். யாஸ்காவா இதற்கு சி10 என்று தனி அலாரமே வைத்திருக்கிறது. மற்றவற்றில் சுமை மீறல், இடப்பிழை என்ற வேடங்களில் வரும். திசையை மாற்ற வேண்டுமென்றால் பாராமீட்டரில் மாற்ற வேண்டும்.

மாற்றிப் பார்க்கும் முறையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். லேத்தின் எக்ஸ், இசட் அச்சுகளுக்கு ஒரே திறன் டிரைவ் இருந்தால் மாற்றிப் போட்டு, அலாரம் டிரைவோடு போகிறதா அச்சோடு நிற்கிறதா என்று பார்ப்பது நல்ல உத்திதான். ஆனால் ஓவர் கரன்ட் அலாரத்தில், மோட்டாரை மெக்கரால் சோதிக்காமல் அதைச் செய்தால் ஷார்ட்டான மோட்டார் இரண்டாவது டிரைவையும் பலி வாங்கும். பெரிய ஆலையில் கற்றுவந்த பழக்கம் சிறு பட்டறைக்குக் கொண்டுவரும் நட்டங்களில் இது முதலாவது.

என்கோடர், பேட்டரி

இன்றைய என்கோடர்களில் 20 பிட் என்பது சாதாரணம்: ஒரு சுற்றுக்கு 10,48,576 பிரிவு. இவ்வளவு தரவும் 5 வோல்ட்டில் ஓடும் மெல்லிய கம்பிகளில் வருகிறது. கேபிள் சங்கிலியில் ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிரும் கம்பி ஒருநாள் உள்ளே அறுபடும். வெளித்தோல் அப்படியே இருக்கும். இயந்திரம் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் மிட்சுபிஷி 20, பானசோனிக் 21, யாஸ்காவா சி90 வருமானால் கம்பிதான். அச்சை அந்த இடத்தில் நிறுத்தி, கேபிளைக் கையால் அசைத்தால் அகப்படும். இடம் பொருள் இல்லாமல் வந்தால் ஷீல்டையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்துபோவது கிராமத்தில் இயல்பு. எர்த்துக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 இருக்கிறது, பட்டறையில் பலருக்கும் உப்பும் கரியும் போட்ட குழி இருக்கிறது என்பது மட்டும் தெரியும், அதை மீட்டரால் அளந்தது எப்போது என்று தெரியாது.

பேட்டரி விஷயத்தில் நடப்பது வேறு சோகம். மிட்சுபிஷி, யாஸ்காவா, பானசோனிக் பெரும்பாலும் 3.6 வோல்ட் லித்தியம். ஃபானுக்கில் பலவற்றுக்கு 6 வோல்ட். முதலில் எச்சரிக்கை மட்டும் வரும், இயந்திரம் ஓடும். எச்சரிக்கையை யாரும் சட்டை செய்யாமல் இருக்க, நீண்ட பொங்கல் விடுமுறைக்குப் பிறகு திறந்தால் ஃபானுக்கில் 300, மிட்சுபிஷியில் 25: இயந்திரம் தன் இருப்பிடத்தையே மறந்திருக்கும். கண்ட்ரோல் சப்ளை ஆனில் இருக்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும். ஆஃப் செய்துவிட்டு மாற்றுவதுதான் பாதுகாப்பு என்று நினைக்கும் எலக்ட்ரீஷியன், மற்ற எல்லா வேலையிலும் சரியாக இருப்பவர், இந்த ஒன்றில் மட்டும் தோற்பார்.

சுமையும் சூடும்

சுமை மீறல் அலாரத்துக்கு மின்சாரக் காரணம் குறைவு. மோட்டாரைக் கப்ளிங்கிலிருந்து பிரித்து வெறுமனே ஓட்டினால் அலாரம் போய்விடும். பிறகு தேட வேண்டியது எண்ணெய் போகாத ஸ்லைடு, தேய்ந்த பால் ஸ்குரூ, சில்லு அடைத்த கவர். செங்குத்து அச்சில் பிரேக் விடுபடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆனால் செங்குத்து அச்சைக் கப்ளிங்கிலிருந்து கழற்றுவதற்கு முன் கீழே கட்டை முட்டுக் கொடுத்தே தீர வேண்டும்.

சூட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, செய்யத்தான் நிறைய. பல டிரைவ்களுக்குச் சுற்றுவெப்ப வரம்பு 55 டிகிரி. மே மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பேனலுக்குள் அந்த வரம்பு நெருங்கிவிடும். கப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும். பேனல் கதவைத் திறந்துவைத்துப் பெடஸ்டல் ஃபேன் போடுவது எங்கும் காணும் வழி. கல்தூள் பறக்கும் ஊரில் அது சூட்டைக் குறைத்துத் தூசியை விலைக்கு வாங்குவது. எறும்பும் பல்லியும் அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் வருகின்றன. டெர்மினலில் கருகிக் கிடக்கும் பல்லியைப் பார்க்காத மெயின்டெனன்ஸ் ஆள் இந்தப் பக்கத்தில் இருக்கமாட்டார். கையேட்டின் காரணப் பட்டியலில் பல்லி இல்லை.

பதிவு இல்லாத குறை

தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைத் தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்தும் திட்டத்தை 2,877 கோடி ரூபாயில் மேற்கொண்டது. 2023இல் அதன் தொடக்க விழா நடந்த இடங்களில் ஒன்று இதே மாவட்டத்தின் ஒரகடம். ரோபோவும் நவீன சி.என்.சி.யும் மாணவர் கைக்கு வருவது நல்லதுதான். பயிற்சிக்கூடத்தில் மின்சாரம் சீராக இருக்கும், டிரைவ் புதிதாக இருக்கும், கேபிள் ஒரிஜினலாக இருக்கும் என்பதுதான் என் கவலை. வேண்டுமென்றே ஒரு ஃபேஸை எடுத்துவிட்டு, டேப்பை மாற்றிவைத்து, ரெசிஸ்டர் திருகைத் தளர்த்திவிட்டு, ‘இப்போது கண்டுபிடி’ என்று சொல்லும் பாடம் ஒன்று வேண்டும்.

பட்டறைப் பக்கத்திலும் ஒரு குறை. அலாரம் வந்தால் முதல் காரியமாக மெயினை ஆஃப் செய்து ஆன் செய்கிறார்கள். ஓடத் தொடங்கினால் மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான டிரைவ்கள் கடைசி அலாரங்களை நினைவில் வைத்திருக்கின்றன. சில, அலாரம் வந்த கணத்தின் பஸ் வோல்டேஜையும் மின்னோட்டத்தையும்கூட வைத்திருக்கின்றன. கையில் கேமரா உள்ள போன் இல்லாதவர் இல்லை. ஆஃப் செய்வதற்கு முன் திரையை ஒரு படம், மானிட்டரில் பஸ் வோல்டேஜ் ஒரு படம், நேரம். பத்து அலாரங்களின் நேரத்தை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால், பக்கத்துக் கிரஷர் தொடங்கும் நேரமோ இரவு பத்து மணியோ தானாகத் தலைகாட்டும்.

ரிப்பேருக்கு டிரைவை அனுப்பும்போதும் இந்தப் பதிவு கூடவே போக வேண்டும். சென்னையில் போர்டு ரிப்பேர் செய்யும் கடைகளில் சுமை இல்லாத சிறு மோட்டாரை மாட்டி, அது சுற்றினால் ‘ஓ.கே.’ என்று ஸ்டிக்கர் ஒட்டித் தந்துவிடுவது உண்டு. வெறும் மோட்டாரைச் சுற்றவைக்கும் டிரைவ், முழுச் சுமையில் இறங்கும் பஸ்ஸையும் நிறுத்தும்போது ஏறும் பஸ்ஸையும் தாங்குமா என்பது அந்த மேஜையில் தெரியாது. அலாரம் எண், அது வேகம் எடுக்கும்போது வந்ததா குறைக்கும்போது வந்ததா, அப்போதிருந்த லைன் வோல்டேஜ், மோட்டாரின் மெக்கர் அளவு ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதி டிரைவோடு கட்டி அனுப்பினால், ரிப்பேர் செய்பவர் கப்பாசிட்டரை மாற்றுவதா, ரீஜெனரேஷன் டிரான்சிஸ்டரைத் தேடுவதா, அல்லது ‘உங்கள் டிரைவில் ஒன்றும் இல்லை, மோட்டாரைக் கொண்டுவாருங்கள்’ என்று திருப்பி அனுப்புவதா என்பதை அட்டையைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்யலாம்.